அறுபத்தொரு சத்தங்கள்

சாம்பல். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். ஆயுதம், நீளக் கைப்பிடி போட்ட சுத்தியல். பிடித்தது, மழைக்கு முந்தைய காற்று. பிடிக்காதது, கேள்வி கேட்பவர்கள். எரிந்துபோன பட்டறையிலிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரே ஆள். தீ வைத்தவனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போடுகிறாள். கடைசியில், அன்றைக்கு உலையை அணைக்க மறந்தது தான்தான் என்று தெரிந்துகொள்கிறாள்.

அக்கா. உயரம் ஐந்தடி ஒன்று. ஆயுதம் கிடையாது. பிடித்தது, ஆறிப்போன தேநீர். பிடிக்காதது, தலையைச் சாய்த்துக்கொண்டு "இப்ப எப்படி இருக்கீங்க" என்று கேட்பவர்கள்.

முதல் குறிப்பை 'உலைக்களம்' என்ற சண்டை விளையாட்டின் பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பெட்டிக்காக எழுதினேன். பெட்டியோடு வருகிற சிறுபுத்தகத்தில் இருபத்துநான்கு போராளிகளுக்கும் குறிப்பு எழுதுவது அந்தக் கம்பெனியில் என் வேலை. சாம்பல் பதினேழாவது ஆள், அரைப் பக்கம். இரண்டாவது குறிப்பை யாரும் கேட்கவில்லை. ஆனால் சாம்பலின் குரல் அக்காவுடையது.

பதினோரு வருடத்துக்கு முன் கம்பெனி என்பது ஒரு பெயின்ட் கடையின் மாடியில் ஒன்பது பேர். அக்கா வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பாள், வருகிற தபால்களை வாங்குவாள், ஏசி ரிமோட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வாள். சாம்பலுக்குக் குரல் தர வேண்டிய நடிகைக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஒலிப்பதிவுக்காரர் வாசலுக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, பிறகு தரையைப் பார்த்துக் கேட்டாராம்.

"ஒரு மணி நேரம் வர்றீங்களா? கத்தினா போதும்."

"போன் யாரு எடுப்பா?"

"அடிச்சா அடிக்கட்டும்."

சுவர் முழுக்க மெத்தையைச் சாத்தி வைத்த ஒரு சின்ன அறைதான் பதிவுக்கூடம். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. லேசான அடி, பன்னிரண்டு. பலமான அடி, பதினாறு. தூக்கி எறியப்படுவது, எட்டு. கீழே விழுவது, பத்து. மூச்சுத் திணறல், ஆறு. கடைசி அடி, ஆறு. ஐம்பத்தெட்டு ஆயிற்றா. அப்புறம் ஜெயித்தால் சொல்கிற வசனம் இரண்டு, சிரிப்பு ஒன்று. ஆக அறுபத்தொன்று. எதிரியை அடிக்கும்போது சாம்பல் வாயே திறக்கமாட்டாள்; சுத்தியல் பேசினால் போதும் என்று கதை எழுதியவர் முடிவு செய்திருந்தார்.

"வலிக்கற மாதிரி வேணுங்க."

"எங்க வலிக்கற மாதிரி?"

"வயித்துல யாரோ குத்திட்டாங்கன்னு வெச்சுக்கங்க."

"யாரு?"

"யாராவது."

"ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே கத்த முடியும். தெரியாத ஆளுகிட்ட எப்படிங்க கோச்சுக்கறது?"

அவர் யோசித்துவிட்டு, "நான்னு வெச்சுக்கங்க" என்றார். அக்கா ஐம்பத்தெட்டு தடவையும் சரியாகக் கத்தினாள். எழுதி வைத்த சிரிப்பு மட்டும் வரவில்லை. கடைசியில் அவர் எழுந்து வந்து தன் ஒயரிலேயே தடுக்கி விழ, அதற்குச் சிரித்த சிரிப்புதான் பத்து வருடமாகச் சாம்பல் ஜெயிக்கும்போது வருகிறது. அடுத்த வருடம் அவர் எனக்கு மாமா ஆனார்.

நான்கு வருடத்துக்கு முன் அக்காவின் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் ஒரு சதுரத் துணி. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் போட்டுவிட்டாள். "ரோபோ கேரக்டருக்குக் குடுத்துடலாம். எனக்கு மேட்ச் ஆகல" என்று போனில் தட்டிக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் பேச்சு போன் திரையில் பெரிய எழுத்தில்தான். தட்டுவாள், நம் பக்கம் திருப்புவாள், நாம் படித்து முடிக்கிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன் எடுக்க முடியாதவளை வாசலில் வைத்திருக்க முடியாது என்று கம்பெனி அவளைப் பின்கட்டிடத்துக்கு, பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றியது. அதற்குள் கம்பெனியில் இருநூறு பேர், சொந்தக் கட்டிடம்.

அங்கே அவளுக்குத் 'தராசு அக்கா' என்று பெயர். சிறப்புப் பெட்டியில் கதாநாயகனின் பொம்மை, படப் புத்தகம், என் சிறுபுத்தகம், தகர உறை, துணியில் அச்சடித்த வரைபடம், எண் போட்ட அட்டை எல்லாம் இருக்கும். மூடிய பெட்டியைத் தராசில் வைப்பாள். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம் இருக்க வேண்டும். ஆறு கிராம் குறைந்தால் அட்டை இல்லை. ஆறு கிராம் கூடினால் இரண்டு அட்டை. அப்படியென்றால் வேறு எவனோ ஒருவனுக்கு அட்டை இல்லை. அவள் கையைத் தூக்கினால் வரிசை முழுவதும் நிற்கும். பேசாமலே ஒரு கூடத்தை நிறுத்துகிற அதிகாரம் கம்பெனியில் வேறு யாருக்கும் கிடையாது.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அந்த வீட்டில் சத்தம் குறைந்துபோனதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை. முன்பு மாமா குளியலறையிலிருந்து துண்டு கேட்பார். அக்கா அடுப்படியிலிருந்து திட்டுவாள். இப்போது எது வேண்டுமானாலும் அவரே நடந்து வந்து எதிரில் நின்று கேட்கிறார். இருவரும் சாப்பிடும்போது தட்டில் விரல் படுகிற ஓசை கேட்கும். சண்டையும் இல்லை, பெரிய துக்கமும் இல்லை. காலை ஏழரைக்கு மூவரும் கிளம்புவோம், ஆறரைக்குத் திரும்புவோம்.

திங்கட்கிழமை ஒரு படிவம் வந்தது. பத்தாம் ஆண்டுப் பதிப்புக்காக எல்லாப் போராளிகளுக்கும் தேர்ந்த கலைஞர்களை வைத்துப் புதிதாகக் குரல் பதிந்தாகிவிட்டது. சாம்பல் ஒருத்திதான் பாக்கி. பழைய குரலில் விளையாட ஆசைப்படுகிறவர்களுக்காக 'கூடுதல்கள்' பட்டியலில் 'முதல் குரல்கள்' என்று ஒரு வசதி. ஆனால் அந்தக் காலத்தில் குரல் கொடுத்தவர்களிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. எனவே இப்போது எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களின் பழைய பதிவுகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அழித்துவிட வேண்டும்.

இருபத்து மூன்று பேர் போட்டுவிட்டார்கள். அக்கா படிவத்தை நான்காக மடித்து வேலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பெட்டிகளை எடை போடப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் அவளைத் தேடிப் பின்கட்டிடத்துக்கே வந்தார். அவர் கையில் பெட்டியின் மேலுறை ஒன்று. அதில் பெரிதாக அச்சாகியிருந்தது: 'இருபத்துநான்கு போராளிகள். அத்தனை பேரின் முதல் குரலும் உள்ளே.'

"மூவாயிரம் உறை அடிச்சு வந்தாச்சு மேடம். உங்க ஒருத்தர் குரல் இல்லைன்னா இதுல இருக்கறது பொய்யாப் போயிடும்."

அக்கா தட்டினாள். "இருபத்து மூணுன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க."

"சிறப்புப் பதிப்புல ஸ்டிக்கர் ஒட்டினா காறித் துப்புவாங்க மேடம்."

"துப்பினா ஈரம். எடை கூடும். நான் கண்டுபிடிச்சுடுவேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்.

புதன்கிழமை புதிய நடிகை வந்தாள். பதிவுசெய்ய வேண்டியவர் மாமா. பழைய சத்தத்தை ஒருமுறை போட்டுக் காட்டி, அதே அளவில் அதே நீளத்தில் வாங்க வேண்டும். நடிகை நன்றாகவே செய்தாள். எறியப்படும்போது நிஜமாகவே உடம்பை வளைத்தாள். இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "பழைய ஆளு யாரு சார்? விழறப்ப கோவமா விழறாங்க. பயமே இல்ல" என்றாள். மாமா, "ஆபீஸ்ல வேலை செஞ்சவங்கதான்" என்றார். மாலையில் ஐம்பத்தெட்டும் மூன்றும் முடிந்தன. சாம்பல் இனி யாரோ ஒருத்தி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமா தினமும் தன் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் பழைய பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை கையெழுத்து வாங்கப் போனபோது திரையைப் பார்த்தேன். 'சாம்பல், லேசான அடி, நான்கு.' அரை விநாடிக்கும் குறைவான ஒரு கோடு. அதையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

வியாழன் காலை, கிளம்புவதற்கு முன், அடுப்படி மேசையில் பேச்சு வந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றிருந்தேன்.

"கையெழுத்துப் போட்டா என்ன போயிடும்?" என்றார் மாமா.

அவள் போனைத் திருப்பினாள். "போடலன்னா என்ன போயிடும்?"

"குரல் போயிடும்."

"அது போய் நாலு வருஷமாச்சு. டாக்டர் சீட்டு இருக்கு. எடுத்துக் காட்டவா?"

அக்கா திரும்பத் தட்டினாள். இந்தத் தடவை நீளமாக. அவள் தட்டும்போது நாம் காத்திருக்க வேண்டும். நடுவில் குறுக்கே பேசிச் சண்டையைத் திசைதிருப்புகிற வசதி அந்த வீட்டில் இல்லை. தேநீர் ஆடை கட்டியது.

திருப்பிக் காட்டினாள். மாமா மனதுக்குள் படிப்பதற்குப் பதில் வாய்விட்டே படித்தார். அவள் எழுதியது அவர் குரலில் கேட்டது.

"பத்து வருஷமா கேம்ல என் குரலைக் கேக்கணும்னா ஒரே வழிதான். என்னை அடிக்கணும். விளையாடற பசங்க அடிச்சாங்க. அது விளையாட்டு, எனக்கு வருத்தம் இல்ல. நீங்க மத்தியானம் உக்காந்து கேக்கறது எது? லேசான அடியா, பலமான அடியா?"

போனை மேசையில் வைத்தார்.

"லேசான அடி," என்றார். கொஞ்சம் கழித்து, "நாலாவது."

"நான் சும்மா பேசினது ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லையா? நாள் பூரா அடுத்தவங்க பேசறத பதிஞ்சு வைக்கற ஆளு."

"இல்ல."

"ஏன்?"

"நீதான் எப்பவும் பேசிட்டே இருந்தியே."

அக்கா அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ அழுகையோ வருமென்று நான் எதிர்பார்த்தேன். எதுவும் வரவில்லை. தேநீர்க் குவளையைத் தன் பக்கம் இழுத்து ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

"ஜெயிக்கற மூணும் இருக்கட்டும். அடி வாங்கற சத்தம் எதுவும் வேணாம்" என்று எழுதினாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு மாமா அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு புரோகிராமரிடம் போனார். அவரை எல்லோரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரே மின்னஞ்சலின் கீழே அப்படித்தான் போட்டுக்கொள்வார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"முடியாதுக்கா. ஒரு கேரக்டருக்கு அறுபத்தொரு சத்தம்னா அறுபத்தொண்ணும் இருக்கணும். ஒண்ணு இல்லன்னாலும் கேம் தொறக்காது. அதோட கட்டுமானமே அப்படி."

அக்கா தட்டினாள். "சத்தம் இல்லாம அடி வாங்க முடியாதா?"

"வாங்கலாம். ஆனா சத்தம் இல்லைங்கறதுக்கும் ஒரு ஃபைல் வேணும். உள்ளே எதுவும் இல்லாத வெறும் ஃபைல் போட்டா கேம் துப்பிடும்."

"இந்தக் கம்பெனில எல்லாரும் துப்பிட்டே இருக்காங்க."

மொட்டை சிரித்தார். "அதுல ஒண்ணும் கஷ்டம் இல்லக்கா. அரை விநாடி மௌனம் ஒண்ணு நானே செஞ்சு, அதை ஐம்பத்தெட்டு காப்பி போட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

அக்கா வேலைக் கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்து அவர் முன்னால் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள். 'இதில் உள்ள ஒலிகள் அனைத்தும் என்னால் தரப்பட்டவை.' பிறகு தட்டினாள்.

"நீங்க செஞ்ச மௌனத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நானே வந்து தர்றேன்."

மொட்டை என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஸ்டுடியோ காலியா இருக்கு" என்றார்.

மேனேஜருக்குப் புரியவைக்க மதியம்வரை ஆயிற்று. அடி வாங்கினால் சத்தமே போடாத ஒருத்தி என்றால் விளையாடுகிறவர்கள் பிழை என்று புகார் எழுதுவார்களே என்றார். எழுதட்டும், உறையில் அச்சடித்தது பொய்யாகாது அல்லவா என்று மொட்டை சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிப் பதிவுக்கூடத்தில் நானும் இருந்தேன். படிவத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். இப்போது மெத்தையெல்லாம் இல்லை. இரட்டைக் கதவு, இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் மாமா. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் அவளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்திருந்தோம்.

மாமா மேசை இழுப்பறையிலிருந்து பட்டியலை எடுத்தார். புதிய நடிகைக்காகத் தட்டெழுதிய பட்டியல்தான். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருந்தது. லேசான அடிக்கு அரை விநாடிகூட இல்லை. கீழே விழுவதற்கு ஒன்றரை.

மைக்கை அவள் வாய்க்கு நேராக வைத்திருந்தார். சோதனை பார்த்ததும் எழுந்து உள்ளே போய் அதைக் கழுத்துக்கு நேராக இறக்கினார். திரும்பி வந்து கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"துணி உரசற சத்தம் விழுதும்மா."

அக்கா கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து நோட்டின்மேல் வைத்தாள். நாலு வருடத்தில் நான் அந்தத் துளையைப் பார்த்ததில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. நான் பட்டியலைப் பார்த்தேன்.

"லேசான அடி. ஒண்ணு."

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா நின்றாள். விளக்கு அணைந்தது.

"லேசான அடி. ரெண்டு."

திரையில் கோடு முழுத் தட்டையாக இல்லை. மூச்சு வெளியே வரும்போது மயிரிழை அளவுக்குத் தடித்தது. ஹெட்போனில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, மாமாவுக்குக் கேட்டிருக்கும். நாலாவது முடிந்ததும் பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கி, "நல்லாயிருக்கு. இன்னொண்ணு குடுங்க" என்றார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நிறுத்தினார். அக்கா நோட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். 'எதுல நல்லாயிருக்கு?'

"தெரியல," என்றார் மாமா.

பலமான அடி பதினாறு. தூக்கி எறியப்படுவது எட்டு. அவள் எதற்கும் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தராசின் எண் நிலைக்கக் காத்திருக்கிறவளைப் போல நின்றாள். கீழே விழுவது மூன்றில், தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. இரட்டைக் கண்ணாடியையும் தாண்டி அடியில் ஒரு அதிர்வு விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை எடுக்கணும்."

'சும்மா நிக்கறதுக்கும் ரெண்டாவது டேக்கா?' என்று நோட்டில் வந்தது.

"லாரிக்காரன் சத்தத்துக்கும் நீயே கையெழுத்துப் போடுவியா?"

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. திரும்ப நின்றாள்.

ஐம்பத்தெட்டும் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நிமிடம்கூட இல்லை. அக்கா வெளியே வந்தாள், துணியைக் கட்டிக்கொண்டாள், படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் போட்டேன்.

புதிய ஃபைல்களுக்கும் பழைய பெயர்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் விளையாட்டு அவற்றைக் கண்டுகொள்ளும். மாமா முதல் ஃபைலைப் பழைய சத்தங்கள் இருந்த ஃபோல்டருக்குள் போட்டார். 'இதே பெயரில் ஒன்று இருக்கிறது. மாற்றவா?' என்று கணினி கேட்டது. ஆம் என்று அமுக்கினார். இரண்டாவதைப் போட்டார். கேட்டது. அமுக்கினார். நாலாவதில் கை கொஞ்சம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. நிஜமாக நின்றதா என்று தெரியாது.

"எல்லாத்துக்கும் சேர்த்து 'ஆம்' போட ஒரு பட்டன் இருக்கு மாமா."

"தெரியும்," என்றார்.

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மாமாவின் டப்பாவையும் திறந்து அவர் முழங்கையருகே நகர்த்தி வைத்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் மூடியைத் தள்ளி இடம் பண்ணினார். பலமான அடி, ஒன்பது. மாற்றவா என்று கேட்டது.